“இன்னுமா அந்த மாத்திரை சாப்பிடுற?”

போன வாரம் கிள்ளான்ல ஒரு கல்யாண விருந்து. மேசையில எனக்குப் பக்கத்துல ஒரு மாமா. பிரியாணி வர்றதுக்குள்ள மூணு கேள்வி கேட்டுட்டாரு. வீட்டு லோன் முடிஞ்சிருச்சா? பையன் எஸ்பிஎம் பரீட்சையில எத்தன ஏ? அப்புறம் குரலை இறக்கி (இறக்கியும் அடுத்த மேசை வரைக்கும் கேட்டுச்சு), “ஏம்மா, இன்னுமா அந்த மாத்திரை சாப்பிடுற?”

“நிறுத்திட்டேன் மாமா.”

அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். “அதான் பிள்ள! மனசு வெச்சா எல்லாம் முடியும். நான் அப்பவே சொன்னேன்ல, தூக்கி லோங்காங்ல போடுன்னு!”

(வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: லோங்காங்னா எங்க ஊரு சாக்கடை.)

எனக்கு சுர்ருனு ஏறிச்சு. மனசு வெச்சு நிறுத்தல மாமா, கணக்கு போட்டு நிறுத்துனேன். டாக்டரோட உக்காந்து, எக்செல்ல கட்டம் போட்டு, மாத்திரையைப் பாதியா காலா வெட்டி, ஒரு வருஷத்துக்கும் மேல இழுத்தடிச்சு நிறுத்துனேன். லோங்காங்ல தூக்கிப் போட்டிருந்தா அன்னிக்கு மொய் எழுத வந்திருக்க மாட்டேன். வலிப்பு வந்து எமர்ஜென்சில கிடந்திருந்தாலும் கிடந்திருப்பேன்.

இதையெல்லாம் அங்க சொல்லல. பொண்ணும் மாப்பிள்ளையும் மேசை மேசையா போட்டோ எடுத்துக்கிட்டு வந்தாங்க, சிரிச்சாகணும். அதான் இங்க கொட்டுறேன்.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, தண்ணியிலதான்.

நாங்க இருக்கிறது ஷா ஆலம் செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடா. 2021 டிசம்பர் 18. அந்தத் தேதியை எங்க ஏரியால யார்கிட்ட சொன்னாலும் வாய் பேசாது, கைதான் பேசும். தண்ணி எந்த உசரத்துக்கு வந்துச்சுன்னு சுவத்துல தொட்டுக் காட்டுவாங்க. எங்களுக்குக் கீழ்வீடு முழுசா போச்சு. மாடியில உக்காந்து படகு வருமா வருமான்னு பாத்துக்கிட்டு இருந்தோம். கரண்டு இல்ல. போன்ல சார்ஜ் இல்ல. இருட்டுக்குள்ள எங்கயோ யாரோ “தோலோங்! தோலோங்!”னு (காப்பாத்துங்கன்னு) கத்துற சத்தம்.

தண்ணி வடிஞ்சு, சோபாவை வீசி, சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சு எல்லாம் முடிஞ்சது. எனக்கு மட்டும் முடியல. இடி இடிச்சா நெஞ்சு அடிச்சுக்கும். ஆபீஸ்ல பாதி வேலையைப் போட்டுட்டு வந்து, வாசல்ல நின்னு லோங்காங்ல தண்ணி ஏறுதான்னு பாப்பேன். ஒரு நாள் ஃபெடரல் ஹைவேல மூச்சு முட்டி, கை மரத்துப் போய், காடியை ஓரங்கட்டி அழுதேன். ஹார்ட் அட்டாக்தான்னு முடிவே பண்ணிட்டேன். இசிஜி எடுத்துப் பாத்தாங்க. இதயம் அம்சமா இருக்காம்.

ஒரு தனியார் கிளினிக்ல (பேரு வேணாம்) அல்ப்ராஸோலாம் கொடுத்தாங்க. ஸானாக்ஸ்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், அதேதான். சின்ன பிளாஸ்டிக் பை, மேல “1 பிஜி மாலாம்”னு ஸ்டிக்கர் (ராத்திரிக்கு ஒரு மாத்திரைன்னு அர்த்தம்).

அந்த ராத்திரி தூங்குனேன் பாருங்க, ஒரு தூக்கம்! அதனால நான் மருந்தைத் திட்டப் போறதில்ல. வாங்குன காசுக்கு அது வேலை செஞ்சுச்சு.

திட்டுறது அதுக்கப்புறம் நடந்ததை. பை காலியானா கிளினிக்குக்குப் போவேன். கவுண்டர்ல “பழைய மருந்துதானேக்கா?”ம்பாங்க. “ஆமா.” ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பரைப் புத்தகத்துல எழுதிக்குவாங்க (நம்ம நாட்டுல இதுக்கு 1989லயே தனிச் சட்டவிதி இருக்கு, இந்த மாத்திரைங்களைக் கணக்கில்லாம கொடுக்க முடியாது). அம்புட்டுத்தான். யாருக்கு எத்தனை கொடுத்தோம்னு எழுத புத்தகம் இருக்கு. எத்தனை நாளைக்கு, எப்படி விடுறதுன்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. பிரிட்டன்ல 1988லயே மருந்துப் பாதுகாப்புக் கமிட்டி, இந்த வகை மருந்து 2ல இருந்து 4 வாரம் வரைக்கும்தான்னு எழுதி வெச்சிருச்சு. நான் வருஷக்கணக்குல ஓட்டிட்டேன்.

சரி, மனசு வெச்சா ஏன் முடியாது?

மூளைக்குள்ள காபான்னு ஒரு ரசாயனம். நரம்போட பரபரப்பை அடக்குறது அதோட வேலை. இந்த மாத்திரைங்க காபாவுக்குக் கூடுதல் பலம் கொடுக்கும். கொஞ்ச நாள்னா சரி. மாசக்கணக்குல போனா மூளை சும்மா இருக்காது, தன்னை மாத்திக்கும். காபா சொல்றதை முன்ன மாதிரி கேக்காது. அந்த நேரம் பாத்து மாத்திரையைத் திடீர்னு எடுத்தா அடக்குறதுக்கு ஆளே இல்ல. நரம்பெல்லாம் ஒரே நேரத்துல கத்தும். அதோட உச்சம்தான் வலிப்பு. இதுல மனசுக்கு என்ன வேலை? காளியம்மன் கோயில்ல சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணாலும் காபா காதுல அது விழாது.

1979ல பார்பரா கார்டன்னு ஒரு அமெரிக்கப் பொம்பள ஒரு புத்தகம் எழுதுனாங்க. டிவி தயாரிப்பாளர், பெரிய வேலை. வேலியம் (என் மாத்திரையோட அதே மருந்துக் குடும்பம்) சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க ஒரே நாள்ல அதை விட்டுட்டாங்க. அப்புறம் மனநல ஆஸ்பத்திரிதான். அவங்களுக்கு மனசு இல்லாமலா போச்சு? எங்க மாமாவை விட நிறைய இருந்திருக்கும்.

வேலியம் பேரு வந்ததால ஒரு சின்னக் கதை. இந்தக் குடும்பத்துல மூத்தது லிப்ரியம், 1960ல விற்பனைக்கு வந்துச்சு. அடுத்தது வேலியம், 1963. ரெண்டையும் கண்டுபிடிச்சது ரோஷ் கம்பெனியில இருந்த லியோ ஸ்டெர்ன்பாக். அதுக்கு முன்னாடி டாக்டருங்க கொடுத்துக்கிட்டு இருந்தது பார்பிட்யூரேட். கொஞ்சம் கூடிப் போனா ஆளே காலி (மர்லின் மன்றோ 1962ல செத்தது அதுலதான்). அதோட வெச்சுப் பாத்தா வேலியம் சாது. அதனால அள்ளிக் கொடுத்தாங்க. 1978ல மட்டும் 230 கோடி மாத்திரை வித்துச்சாம். விடுறது எப்படின்னு உலகம் யோசிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

எனக்கு அதை யோசிக்கச் சொல்லிக் கொடுத்தது அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல இருந்த ஒரு சின்னப் பொண்ணு. டாக்டர்தான், ஆனா பாத்தா காலேஜ் பிள்ளை மாதிரி இருந்துச்சு. நான் “விட்டுரலாம்னு இருக்கேன்”னதும் கை தட்டல. “மெல்ல விடலாம்”னு மட்டும் சொல்லிச்சு. அப்புறம் ஹீத்தர் ஆஷ்டன் கதையைச் சொல்லிச்சு.

ஆஷ்டன் இங்கிலாந்துல நியூகாசில் பேராசிரியர். 1982ல இருந்து 1994 வரைக்கும், இந்த மாத்திரையை விட முடியாம தவிச்சவங்களுக்குன்னே ஒரு கிளினிக் நடத்துனாங்க. ஏறக்குறைய 300 பேர். எவ்வளவு குறைச்சா என்ன ஆகுது, யாருக்கு எங்க மாட்டிக்குதுன்னு அந்த ஆளுங்ககிட்டயே கேட்டுக் கேட்டு ஒரு கையேடு எழுதி, உலகத்துக்குச் சும்மா கொடுத்துட்டாங்க. 2019ல காலமானாங்க. நம்ம ஊர்ல கோயில் திறப்புக்கு வர்ற தலைவருக்கெல்லாம் மாலை போடுறோம்ல, எனக்கு இந்தம்மாவுக்கு ஒரு மாலை போடணும்.

அவங்க வழி இதுதான். சீக்கிரம் இறங்கிப் போற மாத்திரையில இருந்து மெதுவா இறங்குற மாத்திரைக்கு மாத்து. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறை. அல்ப்ராஸோலாம் சராசரியா 11 மணி நேரத்துல பாதி கரைஞ்சிரும். (விடியக்காலையில எனக்கு ஏன் அப்படி ஒரு நடுக்கம்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ராத்திரி போட்டது தீர்ந்துக்கிட்டு வர்ற நேரம்.) வேலியத்துல இருக்கிற டயஸிபாம் நாள்கணக்குல உடம்புல தங்கும், இறங்குறதே தெரியாம இறங்கும். எல்லாருக்கும் மாத்தணும்னு இல்ல. எனக்கு மாத்துனாங்க.

இப்ப கணக்கு. 2025ல அமெரிக்காவுல பல மருத்துவ அமைப்புங்க சேர்ந்து ஒரு வழிகாட்டி போட்டாங்க. 2லிருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவை 5லிருந்து 10 சதவீதம் குறை, ரெண்டு வாரத்துல 25 சதவீதத்தைத் தாண்டாதேன்னு. எதுல 10 சதவீதம்? அன்னிக்கு என்ன டோஸ்ல நிக்கிறியோ அதுல. ஆரம்ப டோஸ்ல இல்ல. அதாவது இது காடி லோன் கணக்கு இல்ல, வீட்டு லோன் கணக்கு. பழைய முறை காடி லோன்ல முதல்ல வாங்குன தொகைக்கே கடைசி வரைக்கும் வட்டி, வீட்டு லோன்ல மிச்சம் இருக்கிற அசலுக்கு மட்டும்தான். (கணக்குப் பிரிவுல வேலை பாக்குறவ, மன்னிச்சிருங்க.) அப்படிப் பாத்தா கீழ வர வர நம்ம அடி சின்னதாகிக்கிட்டே போகும். கடைசித் துண்டு இருக்கு பாருங்க, மாத்திரையில ஒரு பொடி மாதிரி, அதுக்குப் போய் அத்தனை நாள் எடுத்துச்சு. “இதுதானே, விட்டா என்ன?”ன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. அவருக்கு வாய்க்கு அளவா ஒரு பதில் கொடுத்தேன், அதை இங்க எழுத முடியாது.

இப்ப வர்றதுதான் முக்கியம். இதை எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எத்தனையோ அழுகை மிச்சமாயிருக்கும்.

டோஸ் குறைச்சதும் பழைய பயம் அச்சு அசலா திரும்பி வரும். அதே நெஞ்சடிப்பு, அதே தூக்கமின்மை. வீட்டுல எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவாங்க: “பாத்தியா, உனக்கு மாத்திரை இல்லாம முடியாது.” நமக்கும் அப்படித்தான் தோணும். நிறைய பேரு இங்கதான் திரும்பிப் போறாங்க. ஆனா பாதி நேரம் அது பழைய நோய் இல்ல. மருந்து இறங்குற கோளாறு.

எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? எனக்கு ரெண்டு விஷயம் உதவுச்சு. ஒண்ணு, தேதி. எக்செல்ல டோஸ் குறைச்ச நாளுக்குப் பக்கத்துல தூக்கம், பயம், உடம்புன்னு மார்க் போட்டுக்கிட்டே வந்தேன். குறைச்ச கொஞ்ச நாள்ல ஏறும், ஒரே அளவுல நின்னா தானா இறங்கும். மழைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல! வெயில் கொளுத்துற நாள்லயும் வந்துச்சு. என் பழைய பயம் மழை இல்லாம வந்ததே கிடையாது.

இன்னொண்ணு, முன்ன எப்பவும் இல்லாத புதுசு புதுசான கூத்து. தோலுக்கு அடியில எறும்பு ஊருற மாதிரி. நாக்குல இரும்பு ருசி. ஆபீஸ் லைட்டு கண்ணுல குத்தும். சத்தம் இருக்கே, ஐயோ! மாமாக் கடையில ரொட்டி சானாய் அண்ணன் தட்டை அடுக்குற சத்தத்துக்கு எழுந்து ஓடி வந்திருக்கேன். வெள்ளத்துல ரொட்டி சானாய் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே! அப்ப இது வேற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதும் பயம் பாதி குறைஞ்சுச்சு. (மிச்சப் பாதி குறையல, பொய் சொல்ல மாட்டேன்.)

பயங்கரமான நாளுக்கு அடுத்த நாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். “சரியாயிட்டேன்”னு ஆட்டம் போட்டா அதுக்கடுத்த நாள் மறுபடியும் அடி. டாக்டர் பிள்ளை இதை அலை அலையா வரும்னு சொல்லி வெச்சிருந்துச்சு. அலை நேரத்துல ராஜினாமா கடிதம் எழுதக் கூடாது, மாமியார்கிட்ட நியாயம் கேக்கக் கூடாது, இது நானா போட்டுக்கிட்ட சட்டம்.

என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். பாதாம் பால் (வெயிட் ஏறுனதுதான் மிச்சம்). யாரோ கொடுத்த மூலிகை டீ (குடிச்சதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட கேக்கணும்னு தோணுச்சு, “அதை விடுங்கக்கா”ன்னு சொல்லிருச்சு). போன்ல மூச்சுப் பயிற்சி ஆப், அதுல ஒரு வெள்ளைக்காரர் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுனதுல எரிச்சல்தான் வந்துச்சு. கோப்பி ஓ-வை விட்டது நிஜமாவே உதவுச்சு. தே தாரேக்கை விட முடியல, பாதி கிளாஸா ஆக்கிக்கிட்டேன், அதையும் மத்தியானத்துக்குள்ள. செக்‌ஷன் 14 ஏரியைச் சுத்தி சாயங்கால நடை, அதுவும் உதவுச்சு. சொந்தக்காரங்க சொல்லி பத்து மலைத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப் போனேன். முருகன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. உருமி மேளத்து மேலதான். இந்த நேரத்துல அது பக்கத்துல நிக்கவே கூடாது. தீபாவளி வாரத்துல டோஸ் குறைக்கிறதும் வேணாம், எங்க தெருவுல வெடிக்கிற வெடிக்கு மாத்திரை சாப்பிடாதவனுக்கே நடுங்கும். அக்டோபர், நவம்பர் சாயங்கால இடிமழையிலயும் நான் குறைக்கல. இருந்த இடத்துலயே நின்னேன். நிக்கிறதும் இந்தக் கணக்குல ஒரு வரவுதான்னு டாக்டர் பிள்ளை சொல்லிச்சு.

எல்லாத்தையும் விட உதவுனது, கவுன்சலிங்ல சொல்லிக் கொடுத்த ஒரு கிறுக்குப் பயிற்சி. மழை வந்தா ஓடி ஒளியாம போர்ச்சுல நாற்காலி போட்டு உக்காரணும். முதல்ல கொஞ்ச நேரம், அப்புறம் கொஞ்சம் கூட. நெஞ்சு அடிச்சா அடிக்கட்டும், எழுந்திரிக்கக் கூடாது. பக்கத்து வீட்டு சீன ஆன்டி ரெண்டு தடவை வந்து “ஓகே கா?”ன்னு கேட்டுட்டுப் போச்சு. ஓகே இல்லதான், ஆனா உக்காந்திருந்தேன். கனடாவுல 2003ல ஒரு ஆய்வு வந்துச்சு. தூக்கத்துக்கு இந்த மாத்திரையை ரொம்ப நாளா சாப்பிட்ட வயசானவங்க. மெல்லக் குறைச்சவங்கள்ல 38 சதவீதம் பேர் முழுசா விட்டாங்க. மெல்லக் குறைச்சதோட இந்த மாதிரி மனப்பயிற்சியும் எடுத்தவங்கள்ல 77 சதவீதம். மாத்திரை மூடி வெச்ச பயத்துக்கு வேற வழி கத்துக்காம மூடியை மட்டும் எடுத்தா எப்படி?

அந்தக் கல்யாணத்துக்கு வர்றேன், ஒரு விஷயம் பாக்கி இருக்கு. கை கழுவப் போறப்ப மாமாவோட சம்சாரம், அத்தை, பின்னாடியே வந்தாங்க. சுத்தி முத்திப் பாத்துட்டு கைப்பையைத் திறந்தாங்க. உள்ள அதே பிளாஸ்டிக் பை. அதே “1 பிஜி மாலாம்”. லோராஸிபாம், அதே குடும்பம்தான். பல வருஷமா சாப்பிடுறாங்களாம்.

“மாமாவுக்குத் தெரியாதும்மா. சொன்னா தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டு போய் விட்டுருவேன்னு கேலி பண்ணுவாரு.”

(அத்தைகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். மாமா வலைப்பதிவெல்லாம் படிக்கிற ஆள் இல்ல.)

தஞ்சோங் ரம்புத்தான்! 1911ல பேராக்ல திறந்த மனநல ஆஸ்பத்திரி. ஹாஸ்பிட்டல் பஹாகியான்னு பேரே மாத்தியாச்சு. நம்ம ஆளுங்க வாயில மட்டும் இன்னும் திட்டாவே இருக்கு. இன்னொரு பக்கம், இதே மருந்துக் குடும்பத்துல எரிமின் 5ன்னு ஒண்ணு இருந்துச்சு. தெருவுல விக்கிற போதை மாத்திரையாவே அது பேரெடுத்து, ஜப்பான் கம்பெனி 2015ல செய்யிறதையே நிறுத்திருச்சு. அதனால மாத்திரைன்னு சொன்னா ஒண்ணு பைத்தியம், இல்லாட்டி கேங்கு. நடுவுல எங்கள மாதிரி கணக்கு எழுதுற பொம்பளைங்களுக்கும், பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுற அத்தைங்களுக்கும் இடமே இல்ல.

அத்தைக்கு என்ன தெரியாதுன்னா, வயசானவங்களுக்கு இந்த மாத்திரையால கால் தடுமாறும், ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பு எலும்பு உடையிற ஆபத்து கூடும். ஞாபகமும் மங்கும். யாரும் சொல்லல அவங்களுக்கு. 2014ல வந்த இன்னொரு கனடா ஆய்வை நினைச்சுக்கிட்டேன். ரொம்ப நாளா இந்த மாத்திரை சாப்பிடுற 65 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தாங்க. இது உங்களை என்ன பண்ணும், எப்படிப் படிப்படியா குறைக்கணும், டாக்டர்கிட்ட பேசுங்கன்னு. வேற ஒண்ணும் பண்ணல. ஆறு மாசத்துல 27 சதவீதம் பேர் விட்டுட்டாங்க. புத்தகம் கிடைக்காதவங்கள்ல 5 சதவீதம். வெறும் ஒரு புத்தகம்! நம்ம கிளினிக் கவுண்டர்ல அந்தப் பிளாஸ்டிக் பையோட தமிழ்ல, மலாய்ல ஒரு தாள் வெச்சா என்ன குறைஞ்சிரும்?

அத்தைகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: “நாளைக்கே நிறுத்திராதீங்க. கிளினிக் கெசிஹாத்தானுக்கு நான் கூட வர்றேன்.” அரசாங்க கிளினிக், ஒரு ரிங்கிட்தான். அங்க இருந்து ஸ்பெஷலிஸ்ட்டுக்கு அனுப்புனா அஞ்சு ரிங்கிட். காத்துக்கிடக்கணும், அது உண்மை. ஒரு தூக்கு நிறைய பொறுமையும் ஒரு கதைப் புத்தகமும் எடுத்துக்கிட்டுப் போகணும்.

போறவங்க சாப்பிடுற எல்லா மருந்தோட பையையும் எடுத்துக்கிட்டுப் போங்க, சளி மருந்து உட்பட. பியர் குடிக்கிறதை மறைக்காதீங்க. “மாத்திரையை விட்டேன், அதுக்குப் பதிலா ராத்திரி ஒரு பியர்”னு பெருமையா சொல்ற அண்ணன்மாரு உண்டு. சாராயமும் மூளையில அதே காபா வழியாதான் வேலை செய்யுது அண்ணே, வாசலை மாத்துனீங்க, வீடு அதே வீடுதான். ரெண்டையும் சேர்த்தா மூச்சே நின்னு போகலாம்.

குறைக்கிற நேரத்துல வலிப்பு வந்தா, இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சா, நேரா எமர்ஜென்சி. உயிரோட இருக்க வேணாம்னு தோணினாலும் அதேதான். பேச ஆள் வேணும்னா ஹீல் லைன் 15555. பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, அது 24 மணி நேரமும். தமிழ்ல பேச யாராச்சும் இருக்காங்களான்னு கூச்சப்படாம கேளுங்க.

எல்லாரும் பூஜ்யத்துக்கு வந்தே ஆகணும்னும் இல்ல. பாதியில நின்னு, டாக்டர் பாத்துக்கிட்டு இருக்க, சின்ன டோஸ்ல நல்லா வாழ்றவங்க இருக்காங்க. அவங்களைப் பாத்து யாராவது “இன்னுமா?”ன்னு கேட்டா என்கிட்ட அனுப்புங்க.

நான் இப்ப எப்படி இருக்கேன்னா, தூக்கம் முக்கால்வாசி. மழை வந்தா இன்னும் ஒரு தடவை லோங்காங்கை எட்டிப் பாப்பேன். அது நோய் இல்ல, ஸ்ரீ மூடாவுல வீடு வாங்கினவங்க எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்.

கடைசியா, “எத்தன மில்லிகிராம்ல ஆரம்பிச்சீங்க, எப்படி இறங்குனீங்க?”ன்னு கேட்டு எழுதாதீங்க. சொல்ல மாட்டேன். என் நம்பரைப் பாத்து நீங்க வெட்ட ஆரம்பிச்சா அது என் தலையில விடியும். எக்செல் கட்டம் வேணும்னா அனுப்புறேன், தேதி, தூக்கம், பயம், உடம்பு எல்லாம் அழகா கலர் போட்டு வெச்சிருக்கேன். டோஸ் எழுதுற கட்டம் மட்டும் காலியா இருக்கும். அதை உங்க டாக்டர் நிரப்பட்டும்.